உணவுக்குழாயில் ஸ்டென்ட் வைக்கும் முன் மூச்சுக்குழாயைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் நடுவே விழும் துளைக்கு ஸ்டென்ட் (உள்ளே வைத்துத் துளையை மறைக்கும் செயற்கைக் குழல்) வைத்துச் சிகிச்சை அளிப்பது பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் கட்டுரை வந்திருந்தது. பலர் கேள்விப்பட்டே இராத, நோயாளியை மிகவும் வாட்டி எடுக்கும் ஒரு பிரச்சினையை எழுத எடுத்துக்கொண்டதற்கு நன்றி. ஆனால் 'அரை மணி நேரத்தில் ஓட்டை அடைபட்டுவிடும்' என்று அதில் இருந்த வரியைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. மூச்சுக்குழாயின் நிலையை முன்கூட்டிப் பார்ப்பது பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. இந்தச் சிகிச்சையில் உயிர் போவதும் பிழைப்பதும் பெரும்பாலும் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறோம். இரண்டு குழாய்களும் கழுத்திலிருந்து நெஞ்சின் நடுப்பகுதி வரை ஒன்றையொன்று ஒட்டியே இறங்குகின்றன. முன்பற்களிலிருந்து அளந்தால் பெரியவர்களுக்கு உணவுக்குழாய் ஏறத்தாழ 15 செ.மீ. ஆழத்தில் தொடங்குகிறது, மூச்சுக்குழாய் இரண்டு கிளைகளாகப் பிரியும் இடம் ஏறத்தாழ 25 செ.மீ.; இரைப்பையின் வாய் ஏறத்தாழ 40 செ.மீ. மூச்சுக்குழாயின் முன்புறமும் பக்கங்களும் குருத்தெலும்பு வளையங்களால் தாங்கப்பட்டவை. உணவுக்குழாயைத் தொட்டபடி இருக்கும் பின்புறத்தில் மட்டும் அந்தத் தாங்கல் கிடையாது. வெறும் தசையும் சவ்வும்தான். துளை விழுவது அந்த மெல்லிய சுவரில். உணவுக்குழாய்க்குள் வைத்த ஸ்டென்ட் விரியும்போது அழுந்தி உள்நோக்கிப் புடைப்பதும் அதே சுவர்தான்.

பெரியவர்களுக்கு இந்தத் துளை வருவதற்கு முதற்காரணம் உணவுக்குழாய்ப் புற்றுநோய். அடுத்தது நுரையீரல் புற்றுநோய். கட்டியே சுவரை அரித்துத் துளைக்கலாம். கதிர்வீச்சும் கீமோவும் கட்டியைக் கரைக்கும்போது, கட்டி அடைத்துக்கொண்டிருந்த இடமே துளையாகத் திறந்துகொள்வதும் உண்டு. பெவாசிசுமாப் போன்ற, இரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்துகளைக் கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுக்கும்போது இந்த ஆபத்து கூடுகிறது. புற்றுநோய் இல்லாதவர்களில், நெடுநாள் வென்டிலேட்டரில் இருந்தவர்களின் மூச்சுக்குழாய் டியூபில் உள்ள காற்றுப்பை ஒரு பக்கமும், மூக்கு வழியாகப் போட்ட உணவு டியூப் மறுபக்கமும் நெருக்க, நடுவில் உள்ள சுவர் இரத்த ஓட்டம் இழந்து செத்துப்போகிறது. காற்றுப்பையின் அழுத்தத்தை 20 முதல் 30 செ.மீ. நீரழுத்தத்துக்குள் வைத்து, நாள்தோறும் பல முறை அளந்துவந்தால் இவற்றில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். பிறவியிலேயே இந்த இணைப்போடு பிறக்கும் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சைதான் வழி. அது வேறு கதை.

அறிகுறியை அடையாளம் காண்பதில்தான் நாட்கள் வீணாகின்றன. தண்ணீர் ஒரு வாய் குடித்த சில நொடிகளில் புரையேறி, அடக்க முடியாத இருமல் வரும். கெட்டியான உணவுக்கு அந்த அளவு வராது. குடித்த நீரோ உணவுத் துணுக்கோ சளியோடு வெளிவரலாம். நிமோனியா ஆன்டிபயாடிக்கில் அடங்கி, சில நாட்களில் திரும்ப வரும். உணவுக்குழாய்ப் புற்றுநோய் இருப்பவருக்கு இவை இரண்டும் சேர்ந்து வந்தால், 'தொண்டை பலவீனம்' என்று சமாதானம் சொல்லிக் காத்திருக்கக் கூடாது. குரல்நாண் செயலிழந்தாலும் இதே போலப் புரையேறும் என்பதால், ஊகிக்காமல் சோதித்துப் பார்க்க வேண்டும். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு அறிகுறி வேறு மாதிரி: காற்றுப்பையில் காற்று முழுதாக இருந்தும் கசிவு, வயிறு உப்புதல், சளி உறிஞ்சும்போது டியூபில் உணவுப்பால் வருதல்.

வாய்வழி எதுவும் கொடுக்காமல் இருந்தால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். உமிழ்நீரே ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 லிட்டர் சுரக்கிறது. அது நுரையீரலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். இரைப்பை அமிலம் மேலேறி வந்தால் அதுவும் அதே வழியில் போகும். துளையை மறைக்காவிட்டால் புற்றுநோயாளிகள் பெரும்பாலும் சில வாரங்களுக்குள் நுரையீரல் தொற்றால் இறந்துபோகிறார்கள். அதனால்தான் இதில் அவசரம் காட்ட வேண்டியிருக்கிறது.

துளையைக் கண்டறிய, விழுங்கக் கொடுத்து எக்ஸ்ரே எடுக்கும் சாயத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. உணவுக்குழாய் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வழக்கமாகக் கொடுக்கும் காஸ்ட்ரோகிராஃபின் என்ற நீரில் கரையும் சாயம், மிக அதிக ஊடுபரவல் அழுத்தம் கொண்டது. அது நுரையீரலுக்குள் போனால் அங்கே நீரை இழுத்துக்கொண்டு நுரையீரல் நீர்க்கோவையை உண்டாக்கும். மூச்சுக்குழாயோடு இணைப்பு இருக்குமோ என்ற ஐயம் இருந்தாலே அயோஹெக்சால் போன்ற குறைந்த ஊடுபரவல் அழுத்தமுள்ள சாயத்தையோ, நீர்த்த பேரியத்தையோ சிறு மிடறுகளாகத்தான் கொடுக்க வேண்டும். படம் எடுக்கச் சொல்லும் மருத்துவரும், சாயத்தைக் கொடுக்கும் எக்ஸ்ரே பணியாளரும் இருவருமே இதை அறிந்திருக்க வேண்டும்.

சாயப் படத்தோடு நெஞ்சு சி.டி. ஸ்கேன், எண்டோஸ்கோபி (உணவுக்குழாய்க்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது), பிராங்கோஸ்கோபி (அதேபோல மூச்சுக்குழாய்க்குள் பார்ப்பது) ஆகியவையும் தேவை. சிறு துளைகள் உணவுக்குழாய்ப் பக்கத்திலிருந்து பார்த்தால் கட்டியின் மடிப்புக்குள் மறைந்துவிடும். நோயாளி மெத்திலீன் நீலம் கலந்த நீரை ஒரு மிடறு விழுங்க, பிராங்கோஸ்கோப்பில் மூச்சுக்குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் நீலம் எங்கே எட்டிப்பார்க்கிறது என்பது தெரிந்துவிடும்.

இனி, கட்டுரையில் விடுபட்ட பகுதி. உணவுக்குழாய் ஸ்டென்ட் என்பது நிட்டினால் என்ற நிக்கல்–டைட்டேனியம் கலவைக் கம்பியால் பின்னிய வலைக்குழாய். அதன் நடுப்பகுதி பெரும்பாலும் 18 முதல் 23 மி.மீ. விட்டம், இரு முனைகளும் சற்று அகன்றிருக்கும். மெல்லிய உறைக்குள் ஒடுக்கி உள்ளே கொண்டுபோய் விடுவித்தால், உடல் வெப்பத்தில் தானாக விரியும். முழு அளவுக்கு விரிய 1 முதல் 3 நாட்கள் ஆகும். இந்தக் கால அளவை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். சிகிச்சை அறையில் நன்றாக மூச்சு விட்டவருக்கு அன்று இரவோ மறுநாளோ மூச்சு முட்டலாம். கட்டி ஏற்கெனவே மூச்சுக்குழாயின் பின்சுவரைத் தள்ளி வைத்திருந்தால், பின்னாலிருந்து விரியும் ஸ்டென்ட் மீதி இருக்கும் வழியையும் அடைத்துவிடும். அந்த நேரத்தில் காப்பாற்ற மிகக் குறைந்த அவகாசமே கிடைக்கும்.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் சி.டி.யிலும் பிராங்கோஸ்கோப்பிலும் மூச்சுக்குழாயின் உள்விட்டத்தை அளக்க வேண்டும். அங்கே குறுக்கம் இருந்தாலோ, கட்டி உள்ளே எட்டிப்பார்த்தாலோ, மூச்சுக்குழாய் ஸ்டென்ட்டை முதலில் வைத்து வழியைப் பாதுகாத்துவிட்டு, அதன் பிறகே உணவுக்குழாய்ப் பக்கம் போக வேண்டும். குறுக்கம் லேசாக இருந்து முடிவெடுக்க முடியாவிட்டால் ஒரு நல்ல சோதனை உண்டு. உணவுக்குழாய்க்குள் ஒரு பலூனை மெல்ல ஊதி, மறுபக்கம் பிராங்கோஸ்கோப்பில் சுவர் எவ்வளவு உள்வருகிறது என்று பார்ப்பது. இந்தச் சோதனையில் பிரச்சினை தெரியாவிட்டாலும், மூச்சுக்குழாய் ஸ்டென்ட்டும் அதை வைக்கத் தெரிந்தவரும் அந்த அறையிலேயே தயாராக இருக்க வேண்டும். வேறு ஊர் மருத்துவமனைக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு இதற்கு உதவாது.

எந்தக் குழாயில் ஸ்டென்ட் என்பதைத் துளையின் இடமும் குறுக்கமும்தான் தீர்மானிக்கின்றன. உணவுக்குழாய் குறுகி, மூச்சுக்குழாய் நன்றாக இருந்தால் உணவுக்குழாய் ஸ்டென்ட் ஒன்றே போதும். குறுக்கமே ஸ்டென்ட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். உணவுக்குழாயில் குறுக்கம் இல்லாவிட்டால் பிடிப்பு இருக்காது. ஸ்டென்ட் நழுவும், அல்லது அதன் மேல்விளிம்புக்கும் சுவருக்கும் இடையே புனல் போல நீர் இறங்கித் துளைக்கே போய்ச்சேரும். துளை உணவுக்குழாயின் மேல்வாய்க்கு 2 செ.மீ.க்குள் இருந்தால், அங்கே வைக்கும் ஸ்டென்ட் தொண்டையில் ஏதோ சிக்கிக்கொண்டது போல ஓயாமல் உறுத்தும். பலரால் தாங்க முடியாது. அங்கே மூச்சுக்குழாய்ப் பக்கம்தான் ஏற்றது. மூச்சுக்குழாய் பிரியும் இடத்தில் துளை என்றால் இரு கிளைகளுக்குள்ளும் கால் நீட்டி உட்காரும், 'ஒய்' வடிவச் சிலிக்கோன் ஸ்டென்ட் வேண்டும். உணவுக்குழாயை அகற்றி இரைப்பையை மேலே இழுத்துத் தைத்தவர்களுக்கு, இரைப்பைக் குழல் மிக அகலமாக இருப்பதால் அந்தப் பக்கம் வைக்கும் ஸ்டென்ட் சுவரோடு ஒட்டவே ஒட்டாது.

2010-ல் ஐரோப்பிய சுவாச நோயியல் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வில், புற்றுநோயால் துளை விழுந்த 112 பேருக்கு இப்படி இடம் பார்த்தே முடிவெடுத்தார்கள். 65 பேருக்கு மூச்சுக்குழாயில் மட்டும், 37 பேருக்கு உணவுக்குழாயில் மட்டும், 10 பேருக்கு இரண்டிலும் ஸ்டென்ட் வைத்தார்கள். பாதிக்கும் மேற்பட்டோருக்கு மூச்சுக்குழாய் ஸ்டென்ட் மட்டுமே என்பதைப் பாருங்கள்! இதை உணவுக்குழாய்ச் சிகிச்சையாக மட்டும் எழுதுவது ஏன் போதாது என்பது இந்த எண்ணிக்கையிலேயே தெரியும். சிகிச்சைக்குப் பின் சராசரியாக எட்டு மாதத்துக்குச் சற்றுக் குறைவாக அவர்கள் வாழ்ந்தார்கள். துளையை மறைக்காமல் விட்டால் கிடைக்கும் சில வாரங்களோடு ஒப்பிட்டால் இது சிறிதன்று. என்றாலும், இது புற்றுநோயைக் குணப்படுத்தும் சிகிச்சை இல்லை என்பதைக் குடும்பத்தாரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

ஸ்டென்ட் தேர்வில் மூன்று விஷயங்கள். உறை போடாத வெறும் வலை இதற்குப் பயன்படவே படாது. வலைக்கண் வழியாக நீர் போய்விடும். முழு உறை போட்டதை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் நழுவும். இரு முனைகளில் மட்டும் உறையில்லாத பகுதி உறை ஸ்டென்ட்டில், அந்த முனைக் கண்களுக்குள் திசு வளர்ந்து பிடித்துக்கொள்ளும். நழுவுவது குறையும், எடுப்பது கடினமாகும். நீளத்தைக் கணக்கிடும்போது துளைக்கும் கட்டிக்கும் மேலே 2 செ.மீ., கீழே 2 செ.மீ. குறையாமல் நல்ல சுவரின் மேல் உட்கார வேண்டும். கட்டி 6 செ.மீ. என்றால் ஸ்டென்ட் 10 செ.மீ.யாவது இருக்க வேண்டும். பின்னிய வகை ஸ்டென்ட் விரியும்போது நீளத்தில் சுருங்கும். அட்டையில் அச்சிட்டிருப்பது விரிந்த நீளமா, ஒடுக்கிய நீளமா என்று பார்க்காமல் வைத்தால் மேல்முனை துளைக்குக் கீழே போய் நின்றுவிடும்.

செய்முறையில் மயக்க மருத்துவரின் பங்கு பெரியது. அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தினால் அது துளை வழியே இரைப்பைக்குள் போய் வயிற்றை ஊதச் செய்யும். இரைப்பையில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் கொட்டும். எனவே முடிந்தவரை நோயாளியைத் தானாக மூச்சுவிட விட வேண்டும். டியூப் போட வேண்டியிருந்தால் காற்றுப்பை துளைக்குக் கீழே இருக்குமாறு பிராங்கோஸ்கோப் உதவியோடு நிறுத்த வேண்டும். எண்டோஸ்கோப்பில் சாதாரணக் காற்றுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு, அதுவும் குறைந்த அளவில். கட்டியின் மேல், கீழ் எல்லைகளை எக்ஸ்ரேயில் தெரியும்படி குறித்துக்கொண்டு, உறுதியான கைடு வயரை (வழிகாட்டும் கம்பி) இரைப்பை வரை இறக்கி, அதன் மேல் ஸ்டென்ட் கருவியை ஏற்றி, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி மெல்ல விடுவிக்க வேண்டும். குறுக்கம் கருவியை விடாவிட்டால் கருவி நுழையும் அளவுக்கு மட்டுமே விரிக்கலாம். அதற்கு மேல் பலூனால் விரித்தால் துளையும் சேர்ந்து கிழியும். ஸ்டென்ட் சற்று இறங்கி உட்கார்ந்திருந்தால் மேல்முனையில் உள்ள நூல் வளையத்தைப் பிடித்து மேலே இழுத்துச் சரிசெய்யலாம். முடிந்ததும் மறுபடி பிராங்கோஸ்கோப். மூச்சுக்குழாய் அழுந்தவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகே நோயாளியை அறையிலிருந்து அனுப்ப வேண்டும்.

மறுநாள் சாயப் படம் எடுத்து, கசிவு இல்லை என்று தெரிந்த பிறகே நீர் ஆகாரம். பிறகு மசித்த உணவு. பெரும்பாலோருக்கு நீர் குடித்ததும் வந்த அந்த இருமல் உடனே நின்றுவிடுகிறது. பல நாள் தாகத்தோடு இருந்தவர் தண்ணீரை நிம்மதியாகக் குடிப்பதற்கு ஈடாக வேறு எதையும் சொல்லத் தோன்றவில்லை. ஆனால் துளை அப்படியேதான் இருக்கிறது. புற்றுநோய்த் துளை ஸ்டென்ட்டுக்குப் பின்னால் ஆறுவது அரிது. அதனால்தான் 'அடைபட்டுவிடும்' என்ற சொல்லை எதிர்க்கிறோம். அந்தச் சொல்லை நம்பியவர்கள் பிறகு பரிசோதனைக்கு வராமல் இருந்துவிடுகிறார்கள்.

பின்னால் வரும் சிக்கல்கள் பல. நெஞ்சுவலி முதல் சில நாட்களுக்குப் பெரும்பாலும் இருக்கும். வலி மருந்துக்கு அடங்கும். கீமோவில் கட்டி சுருங்கினால் பிடிப்பு தளர்ந்து ஸ்டென்ட் நழுவலாம். கட்டி வளர்ந்தால் ஸ்டென்ட்டின் முனையைத் தாண்டி வந்து அடைக்கலாம். ஸ்டென்ட்டின் விளிம்பு சுவரை அழுத்திப் புதிய துளையோ இரத்தக் கசிவோ வரலாம். ஸ்டென்ட் வைத்த பிறகு கதிர்வீச்சு கொடுத்தால் இந்த ஆபத்து கூடும். இரண்டு குழாய்களிலும் ஸ்டென்ட் இருந்தால் நடுவில் உள்ள சுவர் இரு பக்கமும் நெருக்கப்பட்டு மெலியும், துளை பெரிதாகும். எனவே ஒன்றே போதும் என்ற இடத்தில் இரண்டு வைப்பது தவறு. ஸ்டென்ட் இரைப்பையின் வாயைக் கடந்து உட்கார்ந்திருந்தால் அமிலம் தடையின்றி மேலேறும். அவர்கள் அமிலக் குறைப்பு மாத்திரையைத் தொடர்ந்து எடுக்க வேண்டும். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்க வேண்டும். சாப்பிட்டதும் படுக்கவே கூடாது.

வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கு: நிமிர்ந்து உட்கார்ந்து, சிறு கவளமாக, நன்றாக மென்று, நடுநடுவே நீர் பருகிச் சாப்பிடச் செய்யுங்கள். பெரிய இறைச்சித் துண்டு, மெல்லாத ரொட்டி, நார் மிகுந்த காய் ஆகியவை ஸ்டென்ட்டில் சிக்கும். திடீரென்று உமிழ்நீர்கூட இறங்கவில்லை என்றால் உணவு அடைத்திருக்கிறது. மீண்டும் புரையேறத் தொடங்கினால் ஸ்டென்ட் நழுவியிருக்கலாம் அல்லது புதிய கசிவு. மூச்சில் இரைச்சல், மூச்சுத்திணறல், இரத்த வாந்தி, இருமலில் இரத்தம் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே, அப்போதே மருத்துவமனை. மூச்சுக்குழாய் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. மூச்சுக்குழாயின் உட்சுவரில் சளியை மேலே தள்ளும் நுண்மயிர்கள் ஸ்டென்ட்டின் அடியில் மூடப்பட்டுவிடுவதால், சளி அதன் மேல் தேங்கிக் காய்ந்து அடைக்கும். நாளைக்கு 2, 3 முறை உப்புநீரை நெபுலைசரில் இழுக்க வேண்டும். மருத்துவர் சொன்ன நாளில் பிராங்கோஸ்கோபிக்குத் தவறாமல் போக வேண்டும்.

புற்றுநோய் அல்லாத துளைகளுக்கு அணுகுமுறையே வேறு. அங்கே நோயாளி இன்னும் பல ஆண்டுகள் வாழப்போகிறவர். அறுவை சிகிச்சையால் தைத்து, நடுவில் தசையை வைத்துப் பிரிப்பதே நிலையான தீர்வு. வென்டிலேட்டரில் இருப்பவரை முதலில் அதிலிருந்து விடுவிக்க வேண்டும். அழுத்தக் காற்றின் நடுவே போட்ட தையல் பிரிந்துவிடும். அதுவரை மூக்கு டியூபை எடுத்துவிட்டு, சிறுகுடலுக்குள் நேராக உணவு செலுத்துவார்கள். ஸ்டென்ட் என்றால் இடைக்காலத்துக்கு, முழு உறை போட்டது மட்டும், பெரும்பாலும் 6 வாரம் போல வைத்து எடுத்துவிட வேண்டும். ஏற்கெனவே வைத்த பகுதி உறை ஸ்டென்ட் திசுவுக்குள் புதைந்துகொண்டால், அதே அளவு முழு உறை ஸ்டென்ட்டை அதற்குள் 10 முதல் 14 நாட்கள் வைத்து, உள்வளர்ந்த திசுவை அழுத்தி அழித்து, பிறகு இரண்டையும் சேர்த்து எடுக்க நேரும். மூச்சுக்குழாயில் உலோக ஸ்டென்ட்டைப் புற்றுநோய் அல்லாதவர்களுக்கு வைப்பது குறித்து அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005-லேயே எச்சரித்திருக்கிறது: வேறு வழியே இல்லாதபோதுதான். குழந்தைகள் விழுங்கும் பட்டன் பேட்டரி 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைச் சுட்டுவிடும். அதை எடுத்த பிறகும் நாட்கள், வாரங்கள் கழித்துத் துளை வெளிப்படலாம். அந்தக் குழந்தைக்குப் பிறகு புரையேறினால் பேட்டரியை எடுத்தாயிற்றே என்று விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஸ்டென்ட் வைத்து அனுப்பும் ஒவ்வொருவரிடமும் ஓர் அட்டை கொடுக்கப்பட வேண்டும். அதில் எந்தக் குழாயில், முன்பற்களிலிருந்து அல்லது குரல்நாணிலிருந்து எத்தனை செ.மீ.யில், எந்த வகை, என்ன விட்டம், என்ன நீளம், என்று வைத்தது, எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா, ஸ்டென்ட்டை வெளியே எடுக்கும் நாள் எது என்பதெல்லாம் இருக்க வேண்டும். மூச்சுக்குழாய் ஸ்டென்ட் உள்ளவருக்கு வேறு எதற்காகவோ அவசரமாக மூச்சு டியூப் போட நேர்ந்தால், உள்ளே ஸ்டென்ட் இருப்பது தெரியாமல் போடும் டியூப் அதைக் கீழே தள்ளி நுரையீரலின் வாயை அடைத்துவிடும். தெரிந்திருந்தால் மெல்லிய டியூபை பிராங்கோஸ்கோப்பின் மேல் ஏற்றிப் பார்த்தபடி நுழைப்பார்கள். அட்டை கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள். மூச்சுத் திணறும் நேரத்தில் நோயாளியால் இதைச் சொல்ல முடியாது என்பதால், அதன் படம் ஒன்று வீட்டில் உள்ளவர்களின் கைப்பேசியிலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நெஞ்சக நோய் மற்றும் எண்டோஸ்கோபி சிகிச்சை மருத்துவர்கள் சிலர்